சூட்கேஸ்காரர் எந்தக் கைக்காரர்?

1

மூன்று வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பழைய சினிமாப் படம். சரியாகச் சொன்னால், அந்தப் படத்துக்குக் கீழே இணையத்தில் யாரோ எழுதிய நாலு வரி.

நான் நோர்வேயில், பேர்கன் என்ற ஊரில் பஸ் ஓட்டுகிறேன். ஓயாமல் மழை பெய்யும் ஊர். வந்து இறங்கிய புதிதில் மற்றத் தமிழர்கள் எல்லாம் இந்த மழையைத் திட்டித் தீர்த்தார்கள். நான் திட்டவில்லை. இலங்கை மலையகத்தில், வட்டவளை மழையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு மழையே இல்லை. ஆனால் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் தமிழ் மன்றத்தில் மாதம் ஒரு பழைய படம் போடுவார்கள். ஏற்பாடெல்லாம் சிவநேசன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இந்த மாதம் ஒரு உளவாளிப் படம், வெளிவந்து ஐம்பது வருஷம் ஆகிறதாம். யாரோ புண்ணியவான் அதைக் கழுவித் துடைத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறான்.

"மூர்த்தி, கீழ சனம் கருத்து எழுதி வச்சிருக்குது. நீர் அதுகளைத் திரட்டித் தாரும். படம் முடிய வாசிப்பம். பகிடியான கருத்தாப் பாத்து எடும்" என்றார் சிவநேசன் அண்ணை.

படத்தின் பெயர் வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அதை அந்தப் பெயரால் சொன்னதில்லை. 'சூட்கேஸ் படம்' என்றால்தான் தெரியும். கதாநாயகன் ஒரு சூட்கேஸைக் காப்பாற்ற கப்பல், ரயில், பனிமலை என்று ஓடிக்கொண்டே இருப்பான். அதற்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை காட்டமாட்டார்கள்.

பஸ் கடைசித் தரிப்பில் நிற்கும் பத்துப் பத்து நிமிஷங்களில் கருத்துகளை வாசித்தேன். நன்றாகத்தான் பொழுது போனது. நீர்மூழ்கிக் கப்பல் அட்டைப்பெட்டி என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன், ஆனாலும் அது மூழ்கியபோது அழுதேன் என்று ஒருவர். பனியில் கதாநாயகிக்குக் கையில்லாத ரவிக்கை, கதாநாயகனுக்கு மட்டும் கோட்டு, தொப்பி, மஃப்ளரா, இது எந்த ஊர் நியாயம் என்று ஒரு பெண். வில்லன் மாதிரிக் கறுப்புக் கண்ணாடி கேட்டு அப்பாவிடம் அடிவாங்கிய கதையை ஒரு மலேசியாக்காரர். சூட்கேஸுக்குள் இருந்தது அணுகுண்டுச் சூத்திரமா, படைத் திட்டமா என்று இரண்டு பேர் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. எழுதியவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பூங்கா கொமினிகேசன், வட்டவளை' என்று இருந்தது.

"இவரு பீச்சாங்கைகாரரு. எல்லாத்தையும் மாத்திப் போட்டு வச்சிருக்கீங்க. கடைசி சண்டையில பீச்சாங்கையில குண்டு பட்ட பொறகுதான் சோத்தாங்கையில சுடுவாரு. எங்க தோட்டமே பாத்திச்சி. தெரியாம பேச வேணாம்."

இடது கையை எங்கள் பக்கம் பீச்சாங்கை என்போம். சோறு தின்னும் வலது கை சோத்தாங்கை. படத்தில் அந்த மனுஷன் வலது கைக்காரன். ஊருக்கே தெரியும். கடைசிச் சண்டையில் வலது கையில் குண்டு பட்டு, துப்பாக்கியை இடது கைக்கு மாற்றுவது அந்தப் படத்தின் பேர்போன கட்டம். ஆகவே அந்த நாலு வரிக்குக் கீழே ஒரே கும்மாளம். ஐயா படத்தைக் கண்ணாடியில் பார்த்தீர்களா என்று ஒருவன். அடுத்த முறை தலைகீழாக நின்று பாருங்கள், இன்னும் பல விஷயம் தெரியும் என்று இன்னொருவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாலு வரியையே திரும்பத் திரும்ப வாசித்தேன். கண்ணாடியைத் தட்டி ஒரு கிழவி, இன்றைக்குப் பஸ் போகுமா போகாதா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது. நாலு நிமிஷம் தாமதம்.

2

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் அட்டனிலிருந்து ஒரு வேன் வரும். வேனில் புரொஜெக்டர், படப்பெட்டி, ஒரு பெரிய வெள்ளைத் துணி. காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தின் நட்டநடுவே இரண்டு மூங்கிலை நட்டுத் துணியைக் கட்டுவார்கள்.

துணிக்கு முன்னால் நாற்காலி. கிளாக்கர் வீடு, டீமேக்கர் வீடு, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வீடு, வாத்தியார். அதற்குப் பின்னால் பாய்கள். அது கங்காணிமார் குடும்பங்களுக்கு. கொழுந்து பறிக்கிற, மலை வெட்டுகிற மற்றச் சனமெல்லாம் துணிக்கு அந்தப் பக்கம், வேலைக்கு இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்துக்கொண்டு. யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. யாரும் யாரையும் விரட்டவுமில்லை. அவரவருக்கு அவரவர் பக்கம் தெரியும்.

எங்கள் பக்கம் ஒன்றும் மோசமில்லை. வட்டவளையில் எப்படியும் தூறல் போடும். துணி நனைந்துவிட்டால் வெளிச்சம் ஊடுருவி, எங்கள் பக்கம்தான் படம் பளிச்சென்று தெரியும். முன்னால் இருப்பவர்கள் குடைக்குள்ளிருந்து மங்கலாகப் பார்ப்பார்கள். எழுத்து மட்டும் எங்களுக்குத் திரும்பித் தெரியும். அதனால் என்ன, எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து நேராகத் தெரிந்தாலும் அதே கதைதான்.

சூட்கேஸ் படத்தை நான் முதல் தடவை பார்த்தது அந்தப் பக்கமிருந்து. எனக்குப் பதினொரு வயது. பக்கத்தில் பூங்காவனம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் கொண்ட ஆறாம் நம்பர் லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவர்களுடையது. ஒரே வகுப்பு. அந்தக் காலத்தில் தோட்டத்தில் எந்த வாயைத் திறந்தாலும் பிரஜாவுரிமைப் பேச்சுத்தான். யாருக்குப் பத்திரம் வந்தது, யாரை இந்தியாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று. அதனால் சூட்கேஸுக்குள் இருப்பது பிரஜாவுரிமைப் பத்திரம் என்பதில் எங்கள் லயத்தில் யாருக்கும் துளிச் சந்தேகம் இல்லை. பின்னே வேறு எதற்காக ஒரு மனுஷன் அப்படி உயிரை விடுவான்?

பூங்கா சூட்கேஸைப் பார்க்கவேயில்லை. அவள் பார்த்தது கையை.

பூங்கா பிறவியிலேயே இடது கைக்காரி. பெண் பிள்ளை பீச்சாங்கையால் பரிமாறினால் நாளைக்கு எந்த வீட்டில் வாழுமென்று அவள் அம்மாவுக்கு ஒரே கவலை. சாப்பிடும்போதும் எழுதும்போதும் பழைய சேலைக் கிழிசலால் அவள் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். நல்ல மனுஷி. அழுதுகொண்டேதான் கட்டுவார்.

திரையில் சூட்கேஸ்காரர் இடது கையால் துப்பாக்கியை உருவினார். இடது கையால் கையெழுத்துப் போட்டார். இடது கையால் வில்லனை ஓங்கி ஓர் அறை. பூங்கா என் முழங்கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

"பாத்தியாடா? பாத்தியா?"

அவள் அம்மாவும் பார்த்தார். மறுநாள் காலை ரொட்டியைத் தட்டில் வைத்து, துணியைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மாம் பெரிய உத்தியோகத்த கவருமெண்டு ஒரு பீச்சாங்கைகாரன நம்பிக் குடுத்திருக்கு. நா என்னாத்துக்கு இவ கையக் கட்டுறேன்?"

துணியைக் கொடியில் வீசினார். அதன்பிறகு ஒரு வருஷம் பூங்கா இடது கையால் சாப்பிட்டாள், இடது கையால் எழுதினாள். முத்து முத்தான எழுத்து. வாத்தியார் பிரம்பை எடுத்தால், "அம்மா எழுதலாமுன்னு சொல்லிட்டாங்க சார்" என்று நிமிர்ந்து சொல்வாள். நான் அவ்வளவு சந்தோஷமான பிள்ளையை அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

3

மகள் மதுராவிடம் அந்த நாலு வரியைக் காட்டினேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. தாய் யாழ்ப்பாணம் என்பதால் மதுராவின் தமிழும் யாழ்ப்பாணத் தமிழ், அதிலும் பாதி நோர்வேஜியம். என் தமிழும் இப்போது அப்படித்தான். வந்த புதிதில் "ஒக்காருங்க" என்றால், "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்து, "இருங்கோ"வுக்கு மாறிவிட்டேன். நாக்கு பழகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் பழையது எட்டிப் பார்க்கும்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான் போனது. இங்கே அகதியாக விண்ணப்பித்த அன்று, பிறந்த இடம் என்ன என்று அதிகாரி கேட்டார். வட்டவளைக்குப் பக்கத்துத் தோட்டம், கீழ்ப்பிரிவு, ஆறாம் நம்பர் லயம் என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் என்னைப் பார்த்து, "தம்பி, இதை நான் என்னெண்டு சொல்லிறது? கண்டி எண்டு போடுவமே?" என்றார். தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலில் முப்பது வருஷமாகக் கண்டிக்காரனாக இருக்கிறேன். போன மாதம் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கப் போனபோது, மேசையிலிருந்த பெண் கண்டிக்கு விடுமுறைக்குப் போயிருக்கிறாளாம், எவ்வளவு அழகான ஏரி என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஏரியை நான் பஸ்ஸிலிருந்து இரண்டே தடவை பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லமாட்டேன். திருத்த வேண்டுமென்றால் மறுநாளே திருத்தியிருக்கலாம். எனக்கும் அது வசதியாக இருந்தது. மன்றத்தில் தோட்டத்துச் சனத்தைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசும்போது, கண்டிக்காரனாக ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

மதுராவுக்கும் நான் கண்டி. அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, மூங்கில், நாற்காலி, படங்கு. கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்வி இது:

"அப்பா, நீங்கள் ஏன் பின்னால இருந்தனீங்கள்? முன்னால இடம் இல்லையா?"

இடம் இருந்தது. களம் அவ்வளவு பெரியது. எழுந்து போய் யன்னலைத் திறந்தேன். பிறகு மூடினேன்.

அவள் தன் போனில் எதையோ தட்டினாள். படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டு என்னிடம் நீட்டினாள். சூட்கேஸ்காரர் இடது கையால் துப்பாக்கியை உருவினார். பெயர்கள் எல்லாம் பின்பக்கமாக ஓடின. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இதுதான் படம். கழுவித் துடைத்த அந்தப் படம் வேறு யாருடையதோ.

"இதில என்ன அப்பா அழுகிறதுக்கு? என்ர வகுப்பில கனபேர் இடக்கை" என்றாள் மதுரா. கையைக் கட்டுவது என்றால் என்னவென்று அவளுக்குப் புரியவேயில்லை. மிச்சக் கதையையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

4

மிச்சக் கதை இதுதான். சனம் கேட்டதற்காக அடுத்த வருஷமும் அதே படம் வந்தது. அதற்குள் என் அப்பாவைக் கங்காணியாக்கியிருந்தார்கள். நாங்கள் பாய்க்கு வந்துவிட்டோம். பூங்கா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

படம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூட்கேஸ்காரர் வலது கையால் சுட்டார். வலது கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்துத் திரும்பித் தெரியும் என்று எங்கள் சனத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எழுத்துத் திரும்பினால் கையும் திரும்பியிருக்கும் என்று ஒரு வருஷமாக ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

இரவு அதோடு போயிருந்தால் நல்லது. மறுநாள் காலை பீலிக்கரைக்குப் போனேன். மலையிலிருந்து தண்ணீர் விழும் அந்தப் பீலியில்தான் லயத்துப் பெண்கள் எல்லாம் குடம் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சூட்கேஸ்காரர் பீச்சாங்கையால் விட்ட அறையை ஒருத்தி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. புதிதாகப் பாயில் உட்கார்ந்த பெருமை. அதற்கு ஒரு பலனைக் காட்ட வேண்டாமா?

"அவரு பீச்சாங்கை இல்ல. பின்னாடி ஒக்காந்து பாக்குற ஆளுங்களுக்கு என்னா தெரியும்?"

சவர்க்காரம் சுற்றி வந்த மெல்லிய தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். "எழுத்துத் திரும்புதில்ல? அப்பக் கையும் திரும்பும்."

பெண்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டு சிரித்தார்கள். பூங்காவின் அம்மா சிரிக்கவில்லை. குடம் நிறைந்து வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப சோத்தாங்கையா அவன்? நீ நல்லாப் பாத்தியா?"

"ஆமாங்க அத்த. முன்னாடி ஒக்காந்துல்ல பாத்தேன்."

அன்று மாலை அவர்கள் காம்பராவைத் தாண்டிப் போனேன். பூங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கை இடுப்போடு கட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, முறைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அதோடு அவள் என்னிடம் பேசவில்லை. இரண்டு வருஷத்தில் கலவரம் வந்து, நாங்கள் வவுனியாப் பக்கம் போய்விட்டோம். அங்கிருந்து நான் மட்டும் இங்கே.

அறியாத வயது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அறியாத வயதில்லை. அவள் அம்மா கேட்டபோது, அந்தத் துணி மறுபடி வரப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

5

படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. மதுராவும் வந்தாள். அவள் மன்றத்துக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகிறது. அவளாகக் கேட்டு வந்தாள்.

அந்த நாலு வரியை நான் தொகுத்துக் கொடுத்த தாளில் சேர்க்கவில்லை. ஆனால் சிவநேசன் அண்ணை விடுவாரா? தானே தேடி எடுத்து வைத்திருந்தார். கடைசியில் வாசித்தார். அதுவும் எங்கள் பேச்சை இழுத்து இழுத்து நடித்து வாசித்தார். மண்டபம் குலுங்கியது. அவர் கெட்ட மனுஷன் இல்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்.

"எங்களுக்கை ஒரு கண்டி ஆள் இருக்கிறார், கேப்பம்" என்று என்னைக் காட்டினார். "மூர்த்தி, உங்கட பக்கத்துச் சனமெல்லே? இதென்ன விசர்க் கதை?"

எழுந்தேன். ஒரு வசனம் போதும். நாங்களெல்லாம் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த சனம், அண்ணை. அவ்வளவுதான். வாய்க்குள் தயாராகவும் இருந்தது.

"தெரியேல்லை அண்ணை. தோட்டப் பக்கத்து ஆக்களா இருக்கும்" என்றேன்.

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். மதுரா சிரிக்கவில்லை என்பதை அவள் பக்கம் திரும்பாமலே தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மழை. வாசலில் காரை நிறுத்தியதும் மதுரா சொன்னாள்: "அப்பா, நீங்கள் திருப்பியும் அதையே செய்தனீங்கள்."

சொல்லிவிட்டு இறங்கிப் போகவில்லை. போனை என் மடியில் வைத்தாள். பூங்கா கொமினிகேசனின் பக்கத்தைத் தேடிப் பிடித்திருந்தாள். வட்டவளைக் கடைத்தெருவில் போன் திருத்துவது, ரீலோட் போடுவது, போட்டோக்கொப்பி எடுப்பது என்று ஒரு சின்னக் கடை. கீழே இலக்கம்.

"குரல்ல அனுப்புங்கோ. எழுதினா நீங்கள் பொய் எழுதுவீங்கள்" என்றாள்.

6

ஏழு தடவை பதிவு செய்து அழித்தேன். எட்டாவதாக அனுப்பியது இதுதான்: நான் மூர்த்தி, ஆறாம் நம்பர் லயம், இது பூங்காவனத்தின் கடையா, அவ இருக்கிறாவா, நான் அன்றைக்குப் பீலிக்கரையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மறுநாள் முழுக்கப் பதில் இல்லை. ஒவ்வொரு கடைசித் தரிப்பிலும் போனை எடுத்தேன், வைத்தேன். ஒரு தரிப்பைத் தாண்டியே போய்விட்டேன், சனம் கத்தியது. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் வந்தது. நாலு நிமிஷக் குரல். நடுவே பஸ் ஹோர்ன், யாரோ மூன்று போட்டோக்கொப்பி கேட்கிற சத்தம்.

"யாருங்க, மூர்த்திங்களா? யாரோ யாழ்ப்பாணத்து ஆளுன்னு நெனச்சு மகன் அழிக்கப் பாத்தான். பேச்செல்லாம் மாறிப்போச்சே உங்களுக்கு. நல்லா இருக்கீங்களா? நா நல்லாத்தான் இருக்கேன். மலைக்குப் போறதெல்லாம் விட்டாச்சு, மகன் கடையில ஒக்காந்திருக்கேன்." நடுவே யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்தாள். "மன்னிப்பெல்லாம் எதுக்குடா? அம்மா ரெண்டு வருசம் கட்டுனாங்க. பொறகு கட்ட வேண்டி இருக்கல, கையே மறந்துபோச்சு. இப்ப எழுதச் சொன்னா எந்தக் கையிலயும் நல்லா வராது. வலிச்சிது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒன்ன நெனச்சு ரொம்ப நாளு திட்டியிருக்கேன்."

பிறகு அவள் குரல் மாறியது. கடையில் யாருக்கும் கேட்காமல் இருக்க வாயைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

"அந்தாளு சோத்தாங்கைன்னு எனக்குத் தெரியாதாடா? நீ சொன்ன அன்னிக்கே தெரியும். இது வேற விசயம். எம் பேத்திக்கு அஞ்சு வயசு. என்னயப் போலவே பீச்சாங்கை. மருமக தங்கமான புள்ள, ஆனா இது மட்டும் அவளுக்கு ஆவாது. சாப்புடயில, எழுதயில, புள்ள பீச்சாங்கையில மேஸ மாட்டி, மணிக்கட்டுல ரப்பர் போட்டு வுட்டுர்றா. சப்பாத்துக்குள்ள கால்ல போடுற மேஸு. அது அந்தக் கையத் தூக்கி வச்சுக்கிட்டு மொகத்தப் பாக்கும் பாரு, எனக்கு வயிறு எரியுது. அதான் சொன்னேன், பெரிய சி.ஐ.டி.காரரே பீச்சாங்கைதான், எங்க தோட்டமே பாத்திச்சின்னு. மகன் போன்ல போட்டுட்டான். பாத்தா சோத்தாங்கையில சுடுறான் பாவிப்பய. மருமக சிரிக்கிறா. போன்ல மாறித் தெரியுது, நாலு பேரக் கேப்போம்னு எழுதிப் போடச் சொன்னேன். எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சு வச்சிருக்குதுங்க."

யாரோ கூப்பிட்டார்கள். "இருங்க, வாறேன்" என்றுவிட்டுத் தொடர்ந்தாள்.

"நீ எழுது மூர்த்தி. ஒம் பேரு, ஊரு எல்லாம் போட்டு எழுது. நீ முன்னாடி ஒக்காந்து பாத்தவன். நீ சொன்னா அன்னிக்கு எங்க அம்மாவே நம்புனாங்கல்ல."

7

திருப்பிய படத்தை அனுப்பலாமே என்றாள் மதுரா. எழுத்தும் திரும்பியிருக்கும், மருமகள் படித்த பிள்ளை, உடனே பிடித்துவிடுவாள் என்றேன். சவர்க்காரத் தாளை நான் யாருக்கும் மறுபடி காட்டத் தயாரில்லை.

எழுதுவதற்கு ஒரு நாள் எடுத்தது. பொய் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கண்டிக்காரன் என்று முப்பது வருஷம் எழுதிய கை. அந்தப் பொய்க்கு மேலே போட வேண்டிய உண்மைதான் நடுங்க வைத்தது. மன்றத்தில் எல்லோரும் அந்தப் பக்கத்தைத் தினமும் பார்க்கிறார்கள். சிவநேசன் அண்ணை யாராவது புதிதாக எழுதினால் உடனே மன்றத்தின் போன் குழுவில் போட்டுவிடுவார். சமையலறைக்கும் யன்னலுக்குமாக நடந்தேன். மனைவி வேலைக்குப் போகும்போது பார்த்தாள், திரும்பி வந்து பார்க்கும்போதும் நடந்துகொண்டிருந்தேன். "எழுதித் துலையுங்கோவன்" என்றாள்.

எழுதினேன். மதுரா பக்கத்தில் நின்று, எழுத்துப்பிழை பார்க்கத் தெரியாவிட்டாலும், பார்த்தாள்.

"என் பெயர் மூர்த்தி. நோர்வேயில் இருக்கிறேன். சொந்த ஊர் கண்டி இல்லை. வட்டவளைக்குப் பக்கத்துத் தோட்டம், கீழ்ப்பிரிவு, ஆறாம் நம்பர் லயம். எங்கள் தோட்டத்தில் இந்தப் படத்தைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தும் பார்த்தேன், கங்காணி மகனாகி முன்னால் உட்கார்ந்தும் பார்த்தேன். முன்னால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். சூட்கேஸ்காரர் பீச்சாங்கைக்காரர்தான். இங்கே ஏற்றியவர்கள்தான் மாற்றிப் போட்டுவிட்டார்கள். பூங்கா கொமினிகேசன் சொன்னது முழுக்கச் சரி."

அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் போனைக் கவிழ்த்து வைத்தேன், பிறகு நிமிர்த்திப் பார்த்தேன். கீழே சிரிப்புக்கு ஒன்றும் குறைவில்லை. கண்ணாடியில் பார்த்தவர்கள் இப்போது இரண்டு பேர் என்று ஒருவன். நோர்வேயில் கண் டாக்டர் இல்லையா என்று இன்னொருவன். சிவநேசன் அண்ணை மட்டும் நேரே எனக்கு அனுப்பியிருந்தார்: "மூர்த்தி, அண்டைக்கு நான் அப்பிடி வாசிச்சிருக்கக் கூடாது. ஏன் ஐசே முதலே சொல்லேல்லை?" அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும், ஆனால் ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை.

கடவுச்சீட்டு அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பிறந்த இடத்தைத் திருத்த வேண்டுமென்றால் மூலப் பத்திரம் வேண்டுமாம், மொழிபெயர்ப்பு வேண்டுமாம், அதற்கு மேல் ஒரு முத்திரையும் வேண்டுமாம். சூட்கேஸ் ஒன்று தேவைப்படும் போலிருக்கிறது.

நேற்று மத்தியானம் கடைசித் தரிப்பில் நின்றபோது வட்டவளையிலிருந்து ஒரு குரல் வந்தது. பத்து விநாடிகூட இல்லை. தட்டுச் சத்தம், ஒரு சின்னப் பிள்ளை எதற்கோ கெக்கலி கொட்டிச் சிரிக்கிற சத்தம், அதற்கு மேலே பூங்கா.

"மருமக மேஸக் கழட்டிட்டாடா."